[கலைச்சொல்] கத்தியின் 'தங்ஙெ'வுக்குத் தமிழ் வேண்டும், வியாழனுக்குள்

பெர்கன் ஆசிரியை, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

வருகிற சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளியில் கத்தி செய்யும் பட்டறை. பதினொரு பிள்ளைகள், கூடவே அவர்களின் அப்பப்பா, அம்மப்பாமார். பிள்ளைகளுக்கு நொர்வேஜிய மொழிக் குறிப்பே போதும். தாத்தாமாருக்குத் தமிழில் வேண்டும், சுத்தியலும் அரமும் பிடிக்கப்போவது அவர்கள்தானே. வியாழன் மாலை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.

செய்யப்போவது இங்கே 'தொல்லெக்னீவ்' என்று சொல்லும் மரம் சீவும் கத்தி. சாரணர் பிள்ளைகள் இடுப்பில் கட்டித் திரிவது. வைக்கிங் காலத்திலிருந்தே ஏறக்குறைய இதே அமைப்புத்தான்: ஒருபக்கக் கூர், குட்டை அலகு, மரப்பிடி, தோல் உறை. அலகுகளைக் கடையில் வாங்கிவிட்டோம். அலகின் பின்னால் ஒடுங்கிய கம்பிபோல ஒரு இரும்பு நீளும். பேர்ச் மரக்கட்டையைத் துளைத்து அதை உள்ளே செருகி, மறுபக்கம் வெளியே எட்டிப்பார்க்கும் நுனியைப் பித்தளைத் தட்டின்மேல் தட்டித் தட்டித் தறையவேண்டும். அந்த இரும்புக்குத்தான் 'தங்ஙெ' என்று பெயர்.

கத்திக்குச் 'சீவுகத்தி' என்று வைத்திருக்கிறேன். வாய், முதுகு, பிடி, பூண் எல்லாம் தாத்தாமாருக்குத் தெரிந்த சொற்கள். எனக்கு இரண்டுதான் வேண்டும். ஒன்று தங்ஙெ. மற்றது தோல் உறையான 'ஸ்லீரெ'. உறை என்றே விட்டுவிடலாமா?


திருச்சி ஐயா, செவ்வாய் காலை

அன்புள்ள அம்மா,

'சீவுகத்தி' அருமை. வினைத்தொகை என்பதால் வலி மிகாது. அச்சில் யாராவது 'சீவுக்கத்தி' என்று திருத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுடுசோறு, ஊறுகாய் போலத்தான் இதுவும்.

தங்ஙெவின் பழைய வடிவத்தைத் தேடிப் பார்த்தேன். பழைய நார்ஸ் மொழியில் அது 'தங்கி'. ஆங்கிலத்தின் 'டாங்' அங்கிருந்து போனதுதான். தங்கி! பிடிக்குள் தங்குவது தங்கி. 'தங்கு' என்ற வினையோடு இகர விகுதி. தொலைபேசி, ஒலிபெருக்கி, குளிரூட்டி என்று நாம் ஆக்கிய சொற்கள் எல்லாம் இந்த வாய்பாட்டில்தான் நிற்கின்றன. வெளியில் தேடவே வேண்டாம், சொல் நம் வீட்டுக்குள்ளேயே தங்கியிருக்கிறது. தங்கு, தாங்கு, தாங்கல் என்ற சொற்குடும்பம் வடக்கே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை விரித்து எழுத ஆசை. நேரம் கிடைக்கும்போது தனியாக அனுப்புகிறேன்.


ஓசூர் மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் மதியம்

ஐயா, மன்னிக்கவும். ஒலி ஒத்துப்போனதாலேயே உறவு ஆகிவிடாது. நொர்வேஜிய மொழியில், கடலுக்குள் நீண்டு ஒடுங்கும் நிலத்துண்டுக்கும் இதே 'தங்ஙெ' என்றுதான் பெயர். அங்கே எதுவும் எதிலும் தங்கவில்லை. நீட்டிக்கொண்டிருப்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். அந்தப் பொருளுக்கு நம்மிடம் 'முனை' இருக்கிறது, பருத்தித்துறை முனை என்கிறோமே. ஆனால் கத்தியில் முனை என்றால் எதிர்ப்பக்கம் போய்விடும். குத்துகிற நுனியைப் போய்ப் பிடிக்குள் செருகுவார்கள்.

இன்னொன்று. எங்கள் ஊரில் பாதிப்பேர் கன்னடமும் பேசுகிறவர்கள். கன்னடத்தில் தங்கி என்றால் தங்கை. அதையும் விடுங்கள், தமிழிலேயே 'தங்கி பிடிக்குள் இருக்கும்' என்று எழுதினால் வினையெச்சமா பெயரா என்று படிப்பவர் ஒரு நொடி நிற்பார். கையில் சுத்தியல் வைத்திருப்பவரை அப்படி நிறுத்தக் கூடாது.


வடமராட்சியான் (இப்போது ரொறன்ரோ), செவ்வாய் இரவு

அக்கா, 'தாங்கி' என்று யாரும் மாற்றிச் சொல்லமுன்னம் நான் முந்திக்கொள்கிறேன். எங்களுக்குத் தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கி. பொறியியலில் உருளைகளுக்கு வைக்கும் தாங்கியும் இருக்கிறது. மூன்றாவது வேண்டாம்.

என் சொல் 'காம்பு'. அம்மாவின் காம்புச்சத்தகம் என் மேசையில் இப்போதும் கிடக்கிறது. ஓலை வார்கிற, பெட்டி இழைக்கிற சிறு கத்தி. மரப்பிடி கிடையாது. அலகிலிருந்து இரும்பே ஒடுங்கிக் கூர்ந்து போகும், அதுதான் காம்பு. பின்னலுக்கு இடையில் ஓலையை நுழைக்க அந்தக் கூரையே பயன்படுத்துவார். நீங்கள் சொல்லும் தங்ஙெ அச்சொட்டாக அதேதான், மரம் போர்த்தவில்லை என்பது ஒன்றே வித்தியாசம். அந்தத் தாத்தாமாரில் எத்தனைபேரின் தாய்மார் பாய் இழைத்திருப்பார்கள்!

உறைக்கு வருகிறேன். கள்ளுச் சீவுகிறவர் இடுப்பில் தொங்குவதற்கு எங்கள் ஊரில் 'கத்திக்கூடு' என்று பெயர். ஒழுங்கையால் அவர் வரும்போது கூட்டுக்குள் கத்திகள் மோதுகிற சத்தம்தான் முதலில் கேட்கும். சீவுகத்திக்குச் சீவல் தொழிலாளியின் கூடு. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?


மதுரைப் பேராசிரியை, புதன் காலை

காம்பு, தங்கி இரண்டையும் படித்தேன். யாரும் 'காழ்' பக்கம் போகவில்லையே என்று வியப்பாக இருக்கிறது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பற்றி ஔவை பாடுகிறார் (புறம் 95): 'கண்திரள் நோன்காழ் திருத்தி நெய்யணிந்து'. அங்கே காழ் என்பது வேலின் தண்டு. படைக்கருவியின் ஓர் உறுப்புக்குச் சங்க இலக்கியம் தந்த சொல் நம் கையில் இருக்கும்போது புதிதாக எதற்குப் படைக்கவேண்டும்? ஓரெழுத்தும் ஒற்றும், சொல்லவும் எளிது. உறைக்கு நிகண்டு வழியில் 'தடறு' உண்டு.


கோவைப் பட்டறைக்காரர், புதன் மதியம்

அம்மா, நான் இலக்கணம் படித்தவன் இல்லை. இருபது வருசமாகக் கத்தி அடிக்கிறேன், அந்த வகையில் சொல்கிறேன்.

காழ் என்றால் வைரம், உறுதி என்றுதானே எங்கள் மனதில் வரும்? கத்தியிலேயே உறுதி குறைவாக இருக்கவேண்டிய இடம் இந்தத் தங்ஙெதான். அலகைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்கு ஏற்றி, அதாவது 770 பாகை தாண்டி, எண்ணெயில் முக்குகிறோம். அப்போது அது கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தால் உடையும். பிறகு 200 பாகையை ஒட்டிச் சூடு காட்டினால் மேலே வைக்கோல் நிறம் ஓடும், முறுக்குத் தணியும். துவைச்சல் என்று சொல்வோம். ஆனால் பின்னால் நீளும் கம்பியை முக்கவே மாட்டோம். அது இளக்கமாக இருந்தால்தான் தட்டின்மேல் தறையமுடியும். அதையும் முக்கிவிட்டால் சுத்தியல் பட்டவுடன் நுனி தெறிக்கும். ஒரு முறை அவசரத்தில் முழுவதையும் முக்கிவிட்டேன், தெறித்த துண்டு என் புருவத்தில் கீறிக்கொண்டு போனது. பிள்ளைகள் கண்ணுக்குக் கண்ணாடி போடவேண்டும், அதைக் குறிப்பில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

காம்புக்கும் ஒரு தடை இருக்கிறது. எங்கள் பக்கம் கோடாலிக் காம்பு என்றால் மரம். 'குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பு' என்று திட்டாத வீடு இல்லை. 'காம்பைத் துளையிடு' என்றால் சரியாக மரத்தைத் துளைப்பார்கள், 'காம்பைச் செருகு' என்றால் எதை எதில் செருகுவது?

பட்டறையில் நாங்கள் வால் என்போம். வாலை உள்ளே விடு, வாலைத் தட்டு. அவ்வளவுதான்.


மதுரைப் பேராசிரியை, புதன் மாலை

ஏற்கிறேன். நீங்கள் சொல்லியிராவிட்டால் இந்தத் தவறு அச்சில் போயிருக்கும். ஆனால் உங்கள் மடலே வேறொரு கதவைத் திறந்துவிட்டது. நார்வே, சுவீடன் கத்திகளில் பல மூன்று அடுக்கால் ஆனவை, நடுவில் கடின எஃகு, இருபுறமும் இளகிய இரும்பு என்று படித்தேன். யார்க் நகரில் தோண்டியெடுத்த வைக்கிங் காலக் கத்திகளிலும் அந்த வகை உண்டாமே? தொல்காப்பியர் மரபியலில் என்ன சொல்கிறார்? வெளியே காழ் உடையது புல், உள்ளே காழ் உடையது மரம். அதனால்தான் பனையும் தென்னையும் புல்லினம். அப்படியானால் உள்ளே வைரம் பாய்ந்த இந்தக் கத்தி 'அகக்காழ் அலகு'. காழுக்கு அதன் சரியான இடம் கிடைத்துவிட்டது.


கோவைப் பட்டறைக்காரர், புதன் இரவு

அகக்காழ் அலகு. இதை நான் நாளைக்கே கடைப் பலகையில் எழுதுவேன். தீட்டத் தீட்ட நடுவில் ஒரு பளபளப்பான கோடு தெரியும், அதுதான் காழ். சுற்றியிருப்பது சற்று மங்கலாக இருக்கும். வெட்டிய வேலமரத்தின் குறுக்குமுகம் மாதிரியே.


ஓசூர் மொழிபெயர்ப்பாளர், புதன் இரவு

இது அழகு. எனினும் ஆசிரியை கேட்டது வேறு, நாளை வியாழன்.

ஸ்லீரெ பற்றி: தடறு வேண்டாம், அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு யாரும் தோல் தைக்கமாட்டார்கள். உறைதான் சரி. நொர்வேஜிய மொழியிலும் புல்லின் தண்டைச் சுற்றிய இலையடிக்கு 'ப்ளாட்ஸ்லீரெ' என்று பெயர். நாமும் தாவரவியலில் இலையுறை என்கிறோம். இரண்டு மொழியும் ஒரே வழியில் போவது அரிது, விடவேண்டாம். உறைக்குப் பொருள் அதிகம் என்று யாராவது சொல்வார்கள். தலையணை உறை, உறைமோர், உறைகிணறு எல்லாம் உண்டுதான். ஆனால் கத்திக்குப் பக்கத்தில் நின்றால் யாருக்கும் குழப்பம் வராது. ஒரே உறையில் இரண்டு கத்தியா என்ற பழமொழி தெரியாதவர் உண்டா?


பெர்கன் ஆசிரியை, புதன் நள்ளிரவு

பழமொழி சொன்னீர்கள், உடனே எழுதத் தோன்றியது. பின்லாந்தில் கௌஹவா பக்கத்தில் ஒரே உறையில் இரண்டு கத்தி வைக்கும் வழக்கம் உண்டு, அங்கே 'பூக்கோ' என்று சொல்லும் பெரிய கத்தியின்மேல் சின்னது சவாரி செய்வதுபோல. இரண்டும் சண்டையில்லாமல் இருக்கின்றன.

உறையா கூடா என்று நேற்று வீட்டில் ஒன்றைச் செய்துபார்த்தபடியே யோசித்தேன். மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும், இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பு. இளஞ்சூட்டு நீரில் குமிழி வருவது நிற்கும்வரை அமிழ்த்தினேன். கத்தியைச் சமையலறைப் பிளாஸ்ரிக் தாளால் சுற்றி, தோலை அதன்மேல் மடித்து, முதுகுப்பக்கம் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்து ஒரே துளைக்குள் எதிரெதிராக இழுத்துத் தைத்தேன். அப்புறம்தான் முக்கிய வேலை. ஈரத்தோலைப் பெருவிரலாலும் ஒரு எலும்புத் துண்டாலும் பிடியின் இடுப்பைச் சுற்றி அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும், பூணின் விளிம்பு தோலுக்கு மேலே தெரியும்வரை. இன்று மாலை காய்ந்துவிட்டது. கத்தியை விட்டேன், 'டக்' என்று போய் உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்தேன், விழவில்லை. கொளுக்கி இல்லை, வார் இல்லை. பிடியில் பாதியைத் தோலே பிடித்துக்கொள்கிறது.

உறை என்றால் போர்த்துவது மட்டும்தான். இது கத்தி போய் அடைகிற இடம். எனக்குக் கூடு என்றே படுகிறது.


வடமராட்சியான், வியாழன் காலை

அக்கா, அந்த 'டக்' சத்தத்துக்காகவே கூடு என்று போடுங்கள். வலி மிகும், கத்திக்கூடு. காம்பை மட்டும் கைவிடாதீர்கள். கோடாலிக் காம்பு கோவையின் சிக்கல், சனிக்கிழமை வரப்போகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் தாத்தாமார்.


பெர்கன் ஆசிரியை, வியாழன் மாலை

அச்சுக்கு அனுப்பிவிட்டேன். எனக்குத் தனியாக எழுதியவர்களையும் சேர்த்து வாலுக்கு ஏழு, காம்புக்கு நான்கு, தங்கிக்கு இரண்டு. வால் என்று போட்டிருக்கிறேன். தம்பி, மனம் காம்பின் பக்கம்தான் நின்றது. ஆனால் வருகிறவர்களில் மூன்றுபேர் மலையகம், அவர்களுக்குக் காம்பு மரம்தான். தலைப்பில் கத்திக்கூடு, முதல்முறை வருமிடத்தில் மட்டும் 'தோல் உறை' என்று ஒரு விளக்கம். அகக்காழ் அலகு என்பதற்கு ஒரு படமும் வரைந்து சேர்த்தேன். கண்ணாடி பற்றிய வரி முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில்.


திருச்சி ஐயா, வியாழன் இரவு

நல்லது அம்மா. பட்டறை சிறக்க வாழ்த்துகள். ஆனால் ஒன்றைப் பதிவு செய்யவேண்டும். வால் எந்த உயிருக்கும் வெளியே தெரிவது. பிடிக்குள் போய் மறைந்து, கத்தி இருக்கும்வரை வெளியே வராத ஒன்றை வால் என்று நாம் அச்சேற்றியிருக்கிறோம். தொகுப்புப் பட்டியலில் தங்கி என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.


வடமராட்சியான், வியாழன் இரவு

காம்பையும்.