நாய் ஊசிக்கு வந்தவர்கள் அம்மாவின் கையைப் பார்த்தார்கள்

அட்டன் மகள்

மலையகத் தோட்டங்களுக்கு நாய், பூனை பார்க்க வருகிற விலங்கு நலக்காரர்களோடு உங்களுக்கு என்ன அனுபவம்? என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கொழும்பில் வேலை. அம்மா அட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், தனியாக இருக்கிறார். துணை என்றால் செவலை என்கிற பொட்டை நாய்தான். வருஷத்துக்கு இரண்டு தரம் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு ஆறு ஏழு. பொட்டைக் குட்டிகளை யாரும் எடுக்கமாட்டார்கள். ஒரு தரம் பக்கத்துக் காம்பிராக்காரர் உரச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் டவுனில் மீன்கடைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தார். அதைப் பற்றி அம்மா இன்றைக்கும் பேசமாட்டார்.

2023இல் தோட்டத்து மண்டபத்தில் நாய்களுக்குக் கருத்தடை முகாம் என்று கங்காணி வந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை. அதுதான் முக்கியம். கிழமை நாளில் வைத்தால் ஒரு நாள் பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும், அப்போது அது 1000 ரூபாய். நாய்க்காகப் பேரை விட யாருக்கு முடியும்?

முதல் நாள் இரவிலிருந்து சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "கத்திக்குப் போற சீவனைப் பட்டினியாவா அனுப்புறது?" என்று விடியற்காலையில் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுத்துவிட்டார். மயக்க மருந்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். ஆபரேஷன் இல்லை என்று சொல்லி, விசர் நோய்த் (ரேபீஸ்) தடுப்பூசி மட்டும் போட்டார்கள்.

தடுப்பூசி அட்டை எழுதிய பிள்ளை, "யாரையாவது கடிச்சிருக்கா அம்மா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இது கடிக்காது. இது போட்ட குட்டி ஒன்னுதான் போன வாரம் விளையாட்டுக்குப் பல்லைப் பதிச்சிருச்சு."

மஞ்சள் அப்பிய கையைக் காட்டினாராம். குட்டி எங்கே என்றால், இரண்டு நாளாகக் காணவில்லை. அவ்வளவுதான், செவலையை விட்டுவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். பல் பட்ட உடனே சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவியிருக்க வேண்டும். கடித்த நாயை 14 நாள் கண்முன்னால் வைத்துப் பார்க்க முடிந்தால் அது வேறு கதை, காணாமல் போனதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. குட்டிக்கும் விசர் வரும். மனிதருக்கு அந்த நோய் வெளியில் தெரியத் தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை. அவர்களுடைய வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் விசர் நாய்க்கடி ஊசிக்குக் காசில்லை. செலவாகும் என்று பயந்துதான் அம்மா என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். எனக்கு இன்றுவரை அந்தக் கோபம் போகவில்லை. கோபம் அம்மா மேலா என் மேலா என்று தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து செவலைக்கு ஆபரேஷன் நடந்தது. அந்த முறை அம்மாவும் சேர்ந்து பட்டினி.

பண்டாரவளை வாசி

ஆபரேஷன் செய்த நாய் குரைக்காது, காவல் நிற்காது என்று சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது என் நாய் கொஞ்சம் பெருத்திருக்கிறது, அவ்வளவுதான். தபால்காரரைக் கேளுங்கள், குரைப்பதைப் பற்றிச் சொல்வார்.

என் மனசு மாறியது வேறு விஷயத்தில். போன வருஷம் நாய் மூன்று நாள் காணாமல் போய், இடுப்பில் கம்பி இறுகியபடி வாசல் இஸ்தோப்பில் (திண்ணையில்) வந்து விழுந்தது. மரக்கறித் தோட்டத்தில் பன்றிக்கு வைக்கிற சுருக்கு. நான் கம்பியை இழுக்கக் குறடு எடுத்தேன், மனைவி தடுத்துவிட்டாள். அது நல்லதாகப் போயிற்று. விலங்கு நல அமைப்பிலிருந்து வந்த மிருக வைத்தியர், மயக்க ஊசி போடாமல் கம்பியை இழுத்திருந்தால் சதையோடு வந்திருக்கும் என்றார். தைத்து, பத்து நாள் மருந்து கொடுத்தார்கள்.

அப்புறம் அவர்கள் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. சுருக்கு வைத்தவரிடம் சண்டைக்குப் போகவில்லை. அவருடைய உருளைக்கிழங்குப் பாத்தியைப் பன்றி கிளறியதைப் போய்ப் பார்த்து, வேலி பற்றிப் பேசினார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை இப்படிச் சுருக்கில் மாட்டி, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்காமல் செத்ததே, அதையும் சொன்னார்கள். அவர் முழுதாக விட்டுவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் லயத்துப் பக்கம் மட்டும் இப்போது கம்பி இல்லை.

கம்பளைக்காரன்

என்னுடையது சின்னக் கதை. நாய்க்கு ஒரு வாரமாக ஒற்றை மூக்கில் இரத்தம், ஓயாத தும்மல். பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம் என்று ஆட்டோவுக்குக் காசு புரட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அமைப்பில் இருக்கும் ஓர் அக்கா தொலைபேசியில், "மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி குடிக்கிற நாயா? அப்ப மூக்குக்குள்ள இரத்தம் குடிக்கிற அட்டையா இருக்கும்" என்றார். சில மணி நேரம் தண்ணீர் வைக்காமல் இருந்துவிட்டு, மூக்குக்குக் கிட்ட ஒரு கோப்பைத் தண்ணீரைப் பிடிக்கச் சொன்னார். ஈரத்தைத் தேடி அது மெதுவாகத் தலையை நீட்டியது. துணியால் பிடித்து இழுத்தேன். என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, நாய் நன்றாகச் சாப்பிட்டது.

தலவாக்கலைத் தம்பி

எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் குறை சொல்கிறேன். எங்கள் பூனைக்குக் கருத்தடை செய்ய ஓர் அமைப்பை மூன்று தரம் கூப்பிட்டேன். வேன் ஒன்றுதான், வரிசையில் நிற்கச் சொன்னார்கள். சரி, அது புரிகிறது. ஆனால் கடைசியில் கொடுத்த படிவம் முழுக்கச் சிங்களம். என் பாட்டி எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமலே போட்டார். மயக்கத்தில் உயிர் போகவும் கூடும் என்று அதில் இருந்ததாம், பிறகு ஒரு நண்பன் வாசித்துச் சொன்னான். பாட்டி பயந்து பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது வீட்டில் ஐந்து பூனை.

அட்டன் மகள்

தம்பி சொல்வது நியாயம். எங்கள் முகாமில் அட்டை எழுதிய பிள்ளை பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு உதவிக்கு வந்தவள். அவள் தமிழில் கேட்டபடியால்தான் அம்மா குட்டியின் பேச்சையே எடுத்தார். வேறு பாஷையில் கேட்டிருந்தால் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பார்.

பசறை அக்கா

2025 நவம்பரில் டித்வா புயலுக்கு எங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நாய்க்கு உள்ளே இடமில்லை. நான் அதைக் குறை சொல்லமாட்டேன், ஒரு வகுப்பறையில் கைப்பிள்ளைகளோடு அத்தனை குடும்பம். ஆனால் என் வீட்டுக்காரர் மண்சரிவு எச்சரிக்கை இருக்கும்போதே தினமும் நாய்க்குச் சோறு வைக்க மேலே லயத்துக்கு ஏறினார். அவர் திரும்பி வரும்வரை நான் பாதையைப் பார்த்தபடி வாசலில் நிற்பேன். இவர் மட்டுமில்லை, லயத்தில் நாலைந்து பேர் அப்படி ஏறினார்கள்.

மூன்றாம் நாள் பண்டாரவளைப் பக்கமிருந்து இரண்டு பொடியன்கள் நாய்த்தீனி மூட்டையோடு வந்தார்கள். அதிபரிடம் பேசி, சைக்கிள் கொட்டகைக்குத் தறப்பாள் கட்டி, நாய்களைக் கீழே கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். ஊசியும் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் இவர் மலை ஏறுவதை விட்டார். பொடியன்களுக்கு நாங்கள் கொடுத்தது வெறும் தேத்தண்ணி. சீனிகூட இல்லை.

அட்டன் மகள்

அக்கா, வாசிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. நல்லவேளை எல்லாரும் கீழே வந்தீர்கள்.

தம்பி, அடுத்த முகாம் ஞாயிறு என்று வைத்தால் உங்களுக்கு இங்கே எழுதுகிறேன். பாட்டியையும் கூட்டி வாங்க, அந்தப் பிள்ளை இருந்தால் படிவத்தை வாசித்துச் சொல்வாள். பூனை எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டி கொடுத்துவிடாதீர்கள்.