பொருள்: உடற்பருமன் – ஆஸ்துமா கட்டுரைக்கு ‘மெல்லழற்சி’

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளின் உடற்பருமனையும் ஆஸ்துமாவையும் இணைத்துப் பேசும் கட்டுரைக்கு, கொழுப்புத் திசுவில் தொடங்கி உடலெங்கும் சிறிய அளவில் நீடித்திருக்கும் அழற்சியைக் (ஆங்கிலத்தில் low-grade inflammation) குறிக்க ஒரு சொல் கேட்டிருந்தார்கள். ‘தாழ்தர அழற்சி’ எனக்கு உடன்பாடில்லை. தரம் என்றதும் சரக்கின் தரந்தான் நினைவுக்கு வரும். ‘மந்த அழற்சி’யும் ஆகாது. குழந்தைக்கு மந்தம் என்றால் நம் வீடுகளில் செரியாமை. பாட்டிமார் வசம்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

‘மெல்லழற்சி’ என்று நான் முன்மொழிகிறேன். மெல்லிசை, மெல்லடி போல இயல்பாகப் புணர்கிறது. ‘உடலளாவிய மெல்லழற்சி’ என அடைமொழியையும் தாங்குகிறது.

தனிச்சொல் எதற்கு, ‘அழற்சி’ போதாதா என்று கேட்ட நண்பருக்கு: ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி கட்டுவதும் அழற்சிதான். ஆனால் கொழுப்பணுக்கள் பருக்கும்போது அங்கே பெருவிழுங்கணுக்கள் (macrophages என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள்) குழுமி, டி.என்.எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சி தூண்டும் புரதங்களைச் சுரக்க, கொழுப்பணுக்களின் சுரப்புகளுள் அழற்சியைத் தூண்டும் லெப்டின் கூடி, அதைத் தணிக்கும் அடிப்போனெக்டின் குறைவது வேறொரு நிகழ்வு. பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டி.என்.எஃப்-ஆல்ஃபா மிகுந்திருப்பதை 1993இல் ஹோட்டாமிஸ்லிகில் குழுவினர் காட்டினர். கொழுப்பை வெறும் சேமிப்பாகக் கருதிய பார்வையை மாற்றிய ஆய்வுகளுள் அது முக்கியமானது. பண்டைய ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சசு வகுத்த சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்னும் நான்கு குறிகளும் கொழுப்புத் திசுவின் இந்த அழற்சியில் வெளித்தெரிவதில்லை. குருதிச் சோதனையில், அழற்சியைக் காட்டும் சி-வினைப் புரதம் (CRP) சற்றே உயர்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் மருத்துவப் பொருளே மயங்கும். உடற்பருமனுள்ள குழந்தைகள் சிலரின் ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு எதிர்பார்த்த அளவு கேட்பதில்லை. ஈயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்த வழக்கமான மூச்சுக்குழாய் அழற்சி அவர்களிடம் மேலோங்கி இல்லாததும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ‘இன்ஹேலர் அழற்சியைத் தணிக்கும்’ என்று மட்டும் எழுதினால், எந்த அழற்சியை என்று படிக்கும் தாய்க்குத் தெரியாது.

‘மெல்’ என்றால் பெற்றோர் அசட்டையாக இருந்துவிடுவார்களே என்ற மறுப்பு நியாயமானது. அதனால் முதலில் வரும் இடத்தில் ‘நாட்பட்ட மெல்லழற்சி’ என்றே எழுதலாம். ‘நீறுபூத்த அழற்சி’ பொருளில் கச்சிதம். எனினும் அதை வைத்து ஆய்வறிக்கைத் தலைப்பு எழுத முடியாது.

ஒன்றை மட்டும் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். எல்லாவற்றையும் மெல்லழற்சியின் தலையில் கட்டிவிடக் கூடாது. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுவதும், நுரையீரல் வளரும் அளவுக்கு மூச்சுக்குழாய்கள் அகலப்படாமல் பின்தங்குவதும் அழற்சியைச் சாராத காரணங்கள். பின்னதற்கு ‘வளர்விகிதப் பிறழ்வு’ என்னும் சொல் என் மனத்தில் இருக்கிறது. அதைத் தனி இழையில் வைக்கிறேன்.