சீருடை இல்லாத உதவியாளர்களுக்கு எப்படி நன்றி சொல்கிறீர்கள்?

வணக்கம். கொழும்பில் ஒரு பாடசாலையின் கடேற் (மாணவர் படைப் பயிற்சி) பிரிவுக்கு உதவும் பெற்றோரையும் பழைய மாணவரையும் ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. ஒரு விடயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

1881இல் றோயல் கல்லூரியில் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே கடேற் என்றால் சீருடையும் பதவியும்தான். தோளில் பட்டி இருப்பவருக்கு சல்யூட் கிடைக்கும். பிள்ளைகள் ரன்டம்பே கடேற் பயிற்சி முகாமுக்குப் போகுமுன் இரவு பதினொரு மணி வரை இருந்து முப்பது சட்டைகளுக்குப் பொத்தான் தைத்த அன்ரிக்கு என்ன கிடைத்தது?

போன மாதம் அணிவகுப்பு நேரம் மாறியபோது ஆங்கிலத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டும் போனது. அவ வத்தளையிலிருந்து விடிய ஐந்தரைக்கே சாப்பாட்டுப் பார்சல்களோடு வந்து, பூட்டிய கேற்றுக்கு முன்னால் நின்றா. நன்றியுரையிலும் அவவின் பெயர் வரவில்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

சான்றிதழ் கொடுக்கலாம் என்கிறார்கள். சரி, ஆனால் அது மட்டும் போதாது. டிசம்பர் 5, சர்வதேச தொண்டர் தினத்தன்று, பிள்ளைகள் அணிவகுத்து நிற்க இந்த உதவியாளர்களைப் பெயர் சொல்லி முன்னால் அழைக்க ஆசை. உங்கள் பாடசாலையில் அப்படிச் செய்ததுண்டா? தமிழிலும் சிங்களத்திலும் செய்தி அனுப்புவது யார் பொறுப்பு? குரல் பதிவு போதுமா, ஒவ்வொருவருக்கும் கோல் எடுக்கிறீர்களா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.