கிராஃப் வகைப்பாடு (மூலக்கூறு போன்றவற்றைப் புள்ளிகளும் கோடுகளுமாக எடுத்து மாடல் வகை பிரிப்பது): இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவத்தைப் பகிருங்கள்

முடிச்சுக்காரன்
டெக்கலின், பைசைக்ளோபென்டைல். இந்த இரண்டு மூலக்கூறுகளையும்தான் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டிலும் பத்து கார்பன், பதினொரு பிணைப்பு. ஒன்றில் இரண்டு அறுகோணங்கள் ஒரே பக்கத்தைப் பகிர்ந்து ஒட்டியிருக்கும். மற்றதில் இரண்டு ஐங்கோணங்களை ஒரு பிணைப்பு கோத்திருக்கும். படத்தைக் காட்டினால் பள்ளிப் பிள்ளைகூட வேறு வேறு என்று சொல்லிவிடும். ஜி.ஐ.என். (கிராஃபைப் படிக்கும் நரம்பு வலைகளான ஜி.என்.என்.களில் ஒன்று) இவற்றுக்குத் தந்த இரண்டு வெக்டர்களையும், அதாவது எண் வரிசைகளையும், அடுத்தடுத்து அச்சிட்டேன். கடைசி தசமம் வரை ஒன்றே! மாடலின் லேயரை (அடுக்கை) கூட்டினாலும் அப்படியே. பக்கத்துப் புள்ளிகளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்து கிராஃப்களை வேறுபடுத்தும் வைஸ்ஃபைலர்–லேமன் சோதனையின் எல்லை இது என்று படித்திருந்தேன்தான். ஆனாலும் திரையில் பார்த்தபோது எரிச்சலாக இருந்தது.

பென்ச்மார்க் பாண்டி
அந்த ஜோடி நிஜத் தரவில் எத்தனை தடவை வரும் நண்பரே? பிணைப்பு வளையத்துக்குள் இருக்கிறதா என்று ஒரு அடையாளம் சேர்த்தால் பிரிந்துவிடும். இதற்காக மாடலையே மாற்ற வேண்டுமா?
என்னை உறுத்துவது வேறு. ஒரு கருத்தரங்கில் ஒருவர் மியூடாக் தரவில் (ஒரு மூலக்கூறு மரபணு மாற்றம் உண்டாக்குமா, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று கணிக்க வேண்டும்) இரண்டு சதவீதம் முன்னேற்றம் என்று காட்டினார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "அது எத்தனை மூலக்கூறு?" என்று கேட்டார். மொத்தமே 188. அதில் இரண்டு சதவீதம் என்றால் நாலு மூலக்கூறு! அரங்கில் யாரும் பேசவில்லை. அதில் 125 ஒரே வகை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'ஆம்' சொன்னாலே 66 சதவீதம் வந்துவிடும்.

கூட்டுத்தொகை
என் கதை சின்னது. எல்லா நோட்களின் (புள்ளிகளின்) எண்களையும் ஒன்றாக்கும் பூலிங்கைச் சராசரியிலிருந்து கூட்டலாக மாற்றியதும் துல்லியம் ஏறியது. பயிற்சியில் பார்க்காத பெரிய கிராஃப்கள் வந்ததும் மதிப்புகள் எகிறி எல்லாம் கவிழ்ந்தது. அவ்வளவுதான்.
புதிதாக வருபவர்களுக்குச் சில வார்த்தை. முதலில் நோட்களை இணைக்கும் கோடுகளையே தூக்கிவிட்டு, நோட் விவரங்களை மட்டும் கூட்டி ஒரு சாதாரண எம்.எல்.பி. (கிராஃப் அமைப்பைப் பார்க்காத எளிய நரம்பு வலை) ஓட்டுங்கள். 2020இல் எரிகாவும் குழுவினரும் நியாயமான ஒப்பீடு செய்தபோது, புரோட்டீன்ஸ், என்சைம்ஸ் போன்ற தரவுகளில் இப்படிப்பட்ட எளிய மாடலைப் பல ஜி.என்.என்.களால் தாண்ட முடியவில்லை. அப்புறம், லேயர் எண்ணிக்கையையும் எப்போது நிறுத்துவது என்பதையும் சோதனைப் பகுதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதற்குத் தனியாக ஒரு பகுதி ஒதுக்குங்கள். மருந்து மூலக்கூறுகள் என்றால் குருட்டாம்போக்கில் பிரிக்காமல் சட்டக (மூலக்கூறின் மைய வளைய அமைப்பு) வாரியாகப் பிரியுங்கள். ஓ.ஜி.பி. என்ற பொதுத் தரவுத் தொகுப்பின் மோல்ஹெச்ஐவி தரவு அப்படித்தான், 41,127 மூலக்கூறுகள். தொலைவிலுள்ள நோட்கள் பேசிக்கொள்ள எல்லா நோட்களையும் தொடும் ஒரு மெய்நிகர் நோட் சேர்த்துப் பாருங்கள். இப்படிப் பிரித்துச் சோதித்து மதிப்பெண் இறங்கினாலும் பரவாயில்லை, அதை நம்பலாம்.

முடிச்சுக்காரன்
@பாண்டி, சேர்த்துப் பார்த்தாயிற்று, பிரிந்தது. சரி, இப்போது இரண்டு தனித்தனி சைக்ளோபுரொப்பேனை ஒரே கிராஃபாகக் கொடுத்து, ஒரு சைக்ளோஹெக்சேனோடு ஒப்பிடுங்கள். எல்லாப் பிணைப்பும் வளையத்துக்குள்தான். உங்கள் அடையாளம் என்ன சொல்லும்?