மொம்பாசாவிலிருந்து கம்பாலாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு செலவு?

கோவைபம்புசெட்

வணக்கம். கோவையில் சிறிய அளவில் பம்புசெட் தயாரிக்கிறோம். கென்யாவுக்கு அனுப்பிப் பழக்கம் உண்டு. இப்போது உகாண்டாவிலிருந்து ஒருவர் இருபது அடி கன்டெய்னர் ஒன்று கேட்கிறார். கம்பாலாவில் இறக்கும் வரையிலான செலவையும் சேர்த்தே விலை சொல்லச் சொல்கிறார். தூத்துக்குடியிலிருந்து மொம்பாசா வரை கப்பல் கட்டணம் எனக்குத் தெரியும். அங்கிருந்து கம்பாலா வரை விசாரித்தால், கடல் முழுவதையும் கடந்த கட்டணத்தை விட அதிகமாகச் சொல்கிறார்கள். மூன்று ஏஜென்ட்டுகளைக் கேட்டேன், மூன்று தொகை வந்தது. சாலைத் தூரம் சுமார் 1,170 கிலோமீட்டர்தானே? இதில் யாராவது என்னை ஏமாற்றுகிறார்களா?

கம்பாலா கணக்கர்

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கம்பாலாவில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். இந்தப் பாதையின் ரசீதுகள் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகின்றன.

முதலில் லாரி வாடகை. அதை 1,170 கிலோமீட்டருக்கு என்று எண்ணாதீர்கள். உகாண்டாவுக்குள் வரும் சரக்கு அதிகம், வெளியே போவது குறைவு. காப்பிக்கொட்டை கிடைத்த லாரிக்காரர் அதிர்ஷ்டசாலி. மற்றவர்கள் காலியாகத் திரும்புகிறார்கள். அந்தக் காலிப் பயணத்தின் டீசலும் உங்கள் பம்பின் தலையில்தான் விழும்.

அடுத்தது கன்டெய்னர். அது கப்பல் நிறுவனத்தின் சொத்து. மொம்பாசாவில் இறங்கியதிலிருந்து சில நாட்கள் இலவசம். அந்தக் கெடுவுக்குள் துறைமுகத்தை விட்டு வெளியேறி, கென்யாவைக் கடந்து, இங்கே பிரித்து இறக்கி, காலிப் பெட்டியை மீண்டும் மொம்பாசாவில் ஒப்படைக்க வேண்டும். நைரோபிக்காரருக்கு இது எளிது. எங்களுக்கு, கென்ய-உகாண்டா எல்லையான மலாபாவில் லாரி வரிசை நீண்டால் போதும், கெடு தாண்டிவிடும். பிறகு ஒவ்வொரு நாளும் டாலரில் தண்டம். பெட்டிக்காகக் கட்டிய முன்பணமும் முடங்கிக் கிடக்கும். போன ஆண்டு ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது கதவோரம் நெளிந்திருக்கிறது என்று பிடித்தம் செய்தார்கள். புகைப்படம் கேட்டால், எந்தப் பெட்டியின் கதவு என்றே தெரியாத ஒரு படம் வந்தது. வாதாடுவதற்காக மொம்பாசாவுக்குப் போய்வரும் செலவு பிடித்தத்தை விட அதிகம். அவர்களுக்கும் அது தெரியும்.

உங்கள் சரக்கு வார்ப்பிரும்பு என்பதால் ஒன்று சொல்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் சட்டப்படி லாரியும் சரக்கும் சேர்ந்து 56 டன்னுக்கு மேல் போகக்கூடாது. அச்சுக்கு அச்சு தனி வரம்பும் உண்டு. மரியகானி, ம்லோலோங்கோ, கில்கில் என்று வழியெங்கும் எடை மேடைகள். மொத்த எடை சரியாக இருந்தும், பெட்டியின் ஒரு முனையில் பாரம் குவிந்ததால் ஓர் அச்சில் வரம்பு மீறி லாரி நின்றதைப் பார்த்திருக்கிறேன். சீல் வைத்த பெட்டியை நடுவழியில் திறந்து அடுக்கவும் முடியாது. கோவையில் ஏற்றும்போதே பாரத்தைப் பரப்பி அடுக்குங்கள்.

வரியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2014 முதல் ஒரே சுங்க எல்லை முறை வந்துவிட்டது. சரக்கு மொம்பாசாவில் இருக்கும்போதே உகாண்டா வரியைக் கட்டிவிடலாம். எல்லையில் காகித வேலை பெருமளவு குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும், இன்னும் கண்ணில் படாத சரக்குக்கு முதலில் பணம் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு வங்கி வட்டி ஓடுகிறது.

இவை எல்லாமே ரசீதாக வருபவை. எந்த ரசீதிலும் வராத ஒன்று இருக்கிறது, என் கணக்கில் அதுதான் பெரியது. சரக்கு என்றைக்கு வரும் என்று தெரியாது. தெரியாததால் கிடங்கில் தேவைக்கு மேல் இருப்பு வைக்கிறோம். தாமதம் எப்போதும் பத்து நாள்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் பத்து நாள் முன்னதாக ஆர்டர் போட்டுவிடுவேன். இந்த மாதம் நான்கு, அடுத்த மாதம் இருபது என்றால் எதை வைத்துத் திட்டமிடுவது? 2008 தொடக்கத்தில் கென்யத் தேர்தல் கலவரத்தில் பாதையே அடைபட்டது. நைரோபியில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். இங்கே பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. 2022 ஜனவரியில் ஓட்டுநர்களுக்கான கோவிட் பரிசோதனைத் தகராறில் மலாபாவில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. மறுபடியும் பெட்ரோல் விலை எகிறியது. இரண்டு முறையும் எங்கள் கிடங்கில் இருந்த உபரி இருப்புதான் கடையை நடத்தியது. அந்த உபரியின் வட்டியை வாடிக்கையாளர்தான் கொடுக்கிறார்.

சட்டப்பிரியன்

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 125ஆம் பிரிவு, கடற்கரை இல்லாத நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையையும் போக்குவரத்துச் சுதந்திரத்தையும் தருகிறதே? 127ஆம் பிரிவின்படி இடைவழிச் சரக்குக்கு, அதாவது ஒரு நாட்டைக் கடந்து வேறு நாட்டுக்குப் போகும் சரக்குக்கு, சுங்கவரி விதிக்கக்கூடாது. செய்த சேவைக்கு மட்டுமே கட்டணம் வாங்கலாம். உகாண்டா இதைக் காட்டிக் கேட்கலாமே.

கம்பாலா கணக்கர்

கென்யா எங்களிடம் சுங்கவரி வாங்குவதில்லை ஐயா. அந்தப் பிரிவு மீறப்படவே இல்லை, செலவும் குறையவில்லை. அதே 125ஆம் பிரிவின் அடுத்த பத்தியைப் படியுங்கள்: விவரங்களைச் சம்பந்தப்பட்ட நாடுகள் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும் என்கிறது. எடை மேடையில் நிற்கும் லாரிக்கு ஏட்டுச் சுரைக்காய்தான்.

ரக்சௌல் வழி

நான் கொல்கத்தாவில் நேபாளச் சரக்குகளைப் பார்க்கிறேன். இங்கிருந்து எல்லை ஊரான ரக்சௌல் வழியாக, நேபாளத்தின் பீர்கஞ்சில் உள்ள உலர்துறைமுகம் (கடலுக்கு அப்பால் உள்நாட்டில் கன்டெய்னர் கையாளும் நிலையம்) வரை ரயிலில் சுமார் 700 கிலோமீட்டர். காலிப் பெட்டி, கெடு, தண்டம் எல்லாம் இங்கேயும் அதே கதைதான். ஆனால் விசாகப்பட்டினத்திலும் நேபாளச் சரக்கு இறங்கத் தொடங்கிய பிறகு, கப்பல் நிறுவனங்களிடம் பேச எங்களுக்கு ஒரு வாய் கிடைத்தது. 2019 முதல், பெட்டியை வழியெங்கும் கண்காணிக்கும் மின்னணு சீலும் வந்தது. தூரம் அதிகமாக இருந்தாலும் இரண்டாவது வழி ஒன்று இருப்பது நல்லது. உகாண்டாவுக்கு அப்படி ஏதாவது உண்டா?

கம்பாலா கணக்கர்

உண்டு. தார் எஸ் சலாமில் இறக்கி, ரயிலில் முவான்சா, அங்கிருந்து விக்டோரியா ஏரியில் கப்பலேறி, கம்பாலாவின் ஏரித் துறைமுகமான போர்ட் பெல். ரயில் பெட்டிகளையே ஏற்றிச் செல்லும் உமோஜா கப்பல் 2018இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. கொள்ளளவு குறைவு, அவசரத்துக்கு ஆகாது. ஆனாலும் அந்த வழி இருப்பதை மொம்பாசா ஏஜென்ட்டிடம் பேச்சுவாக்கில் நான் சொல்லத் தவறுவதில்லை.

கோவைபம்புசெட்

அனைவருக்கும் நன்றி. அப்படியானால் கம்பாலா வரை விலை கொடுக்கலாமா, வேண்டாமா?

கம்பாலா கணக்கர்

முதல் கன்டெய்னருக்கு வேண்டாம். மொம்பாசா வரை மட்டும் விலை சொல்லுங்கள். உள்நாட்டுப் பகுதியை வாங்குபவர் பார்த்துக்கொள்ளட்டும், அவருக்கு ஆள் தெரியும். ஆனால் இலவச நாட்களை நீட்டித்து வாங்குவது உங்கள் வேலை. தூத்துக்குடியில் புக்கிங் செய்வதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள். கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதில் (பில் ஆஃப் லேடிங்) இறுதி இடம் கம்பாலா என்றும், கென்யா வழியாக இடைவழிச் சரக்கு என்றும் இருக்க வேண்டும்.

மின்மோட்டார் உள்ள பம்பு என்றால், கென்யாவுக்கு வாங்கிய தரச் சான்றிதழ் இங்கே செல்லாது. உகாண்டா தரநிலை வாரியத்தின் ஏற்றுமதிக்கு முந்தைய ஆய்வுச் சான்று தனி. கன்டெய்னரை மூடும் முன் அந்த ஆய்வாளரை வரவழையுங்கள்.