‘கன்னிங்’ என்பதற்குச் ‘சூழ்திறன்’: ஒரு பரிந்துரை

‘கன்னிங்’ (cunning) என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தந்திரம், வஞ்சகம், நரித்தனம் என்றெல்லாம் வழக்கில் சொற்கள் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்ற வினா நியாயமானதே. அன்றாடப் பேச்சுக்கு அவை போதும். வரலாற்று நூல்களையும் மெய்யியல் நூல்களையும் தமிழாக்கும்போதுதான் அவை காலை வாரிவிடுகின்றன.

பழைய ஆங்கிலத்தில் அறிதல், இயலுதல் என்னும் இரு பொருளும் தந்த வினை ஒன்று இருந்தது. இன்றைய ‘கேன்’ (can) என்ற துணைவினை அதன் வழிவந்தது. ‘கன்னிங்’ அதே குடும்பத்தைச் சேர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் அச்சொல் கல்வியையும் கைத்திறனையும் குறித்ததே தவிர, அதில் மாசு ஏதுமில்லை. 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசர் விவிலியம் என்னும் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஈசாக்கின் மகன் ஏசாவைக் ‘கன்னிங்’ வேட்டைக்காரன் என்கிறது. அவன் வஞ்சகன் என்பது அங்கே பொருளன்று, தம்பி யாக்கோபால் ஏமாற்றப்பட்டவனே அவன்தான். தமிழ் விவிலியம் ‘வேட்டையில் வல்லவன்’ என்று மிகச் சரியாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில், ஆங்கில மெய்யியலாளர் பிரான்சிஸ் பேக்கன் இச்சொல்லையே தலைப்பாக்கி எழுதிய கட்டுரையில் அதைக் கோணல் அறிவு என்று வரையறுக்கிறார். ஒரே தலைமுறையில் இரு பொருளும் அருகருகே வழங்கின என்பதால், அக்காலப் பனுவல்களுக்குத் ‘தந்திரம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது.

தமிழிலும் இதே சரிவைக் கண்ட சொல் ‘சூழ்ச்சி’. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று 671ஆம் குறள் சொல்லும்போது, அது பலவற்றையும் எண்ணி ஆராய்வதைக் குறிக்கிறது. இன்றோ அரசியல் மேடையில் எதிரியைத் தூற்றும் சொல்லாகிவிட்டது. ஆகவே ‘சூழ்ச்சி’யை அப்படியே எடுத்தாள்வது பயன் தராது. ‘சூழ்’ என்ற வேரை மட்டும் கொண்டு, திறனோடு சேர்த்துச் ‘சூழ்திறன்’ என அமைக்கலாம் என்பது என் பரிந்துரை. நேர்வழியில் மோதாமல், நிலைமையைச் சுற்றிவளைத்து எண்ணிக் காரியம் முடிக்கும் ஆற்றல் என்ற கருத்து அதில் தங்குகிறது; நன்மையா தீமையா என்பதைச் சூழல் சொல்லிக்கொள்ளும். தீய பொருளே வேண்டுமெனில் ‘வஞ்சச் சூழ்திறன்’ என்று அடை சேர்ப்பதில் தடையில்லை.

இதற்கு உரைகல் ஜெர்மானிய மெய்யியலாளர் எகலின் (Hegel) மெய்யியல். மனிதர்கள் தத்தம் விருப்பங்களுக்காக மோதி அழிய, அம்மோதலின் ஊடாகவே பகுத்தறிவு தன் நோக்கத்தை நிறைவேற்றிக்கொள்கிறது என்ற அவர் கருத்தைப் ‘பகுத்தறிவின் வஞ்சகம்’ என்றால் பகுத்தறிவின் மீதே குற்றம் சாட்டுவதாகிவிடும். ‘தந்திரம்’ அந்த அளவு கெடவில்லை என்றாலும், நூற்பகுதி, ஆகமம், படை என ஏற்கெனவே பல பொருள் சுமப்பதால் கலைச்சொல்லுக்கு வேண்டிய கூர்மை அதற்கு இல்லை. ‘பகுத்தறிவின் சூழ்திறன்’ இடறாமல் நிற்கிறது. ‘மதிநுட்பம்’ குறளில் பயின்ற அழகிய சொல்தான். எனினும் மறைவாக இயங்குதல் என்ற கூறு அதில் அறவே இல்லை.

ஒரு விலக்கும் தேவை. இங்கிலாந்துச் சிற்றூர்களில் நோய் தீர்த்தும், களவுபோன பொருளுக்குக் குறி சொல்லியும், சூனியம் எடுத்தும் வாழ்ந்தோரைக் குறிக்கும் தொடரிலும் இதே ஆங்கிலச் சொல் வருகிறது. அங்கே அது பழைய ‘அறிதல்’ பொருளில் உறைந்துபோனது என்பதால், அவர்களை மாந்திரிகர் என்றே எழுதலாம்; ‘சூழ்திறனர்’ என்றால் வாசகர் அரசவை ஆலோசகர்களையே நினைப்பார்.