யூத முதியோர் இல்லத்தில் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பு: பார்த்தவர்கள், வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்

எடிசன்வாசி:

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, இடுப்பு மூட்டில் பாதியை மாற்றினார்கள். அறுவை முடிந்து மயக்கம் முழுசாகத் தெளிவதற்குள் டிஸ்சார்ஜ் பேச்சு வந்துவிட்டது. மருத்துவமனையின் கேஸ் மேனேஜர், தங்கிப் பயிற்சி பெறும் இல்லங்களின் பட்டியலைக் கையில் திணித்து, "நாளைக்குள் இரண்டு மூன்று இடம் சொல்லுங்கள்" என்றார். அதில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது ஒரு யூத முதியோர் இல்லம். உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "அங்கே நம்மைச் சேர்ப்பார்களா?" சேர்த்தார்கள். பக்கத்து அறையில் இத்தாலியப் பாட்டி, எதிர் அறையில் ஒரு குஜராத்தி தாத்தா. இரண்டாம் நாளே அவரும் அம்மாவும் மொழி தெரியாமலே மோர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், நம்மவர்களுக்கு அதுதானே முதல் கவலை. கோஷர் என்ற யூத மத முறைச் சமையலில் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனி பாத்திரம், தனித்தனி சமையல் இடம். "பால் வேளை" என்றால் அதில் இறைச்சி எட்டிக்கூடப் பார்க்காது. சுத்த சைவமான அம்மாவுக்கு இது பெரிய நிம்மதி என்று நினைத்தோம். ஆனால் பாலும் இல்லை இறைச்சியும் இல்லை என்று அவர்கள் வைத்திருக்கும் 'பார்வ்' என்ற மூன்றாவது வகையில் மீனும் முட்டையும் வரும். அதனால் பால் வேளைத் தட்டிலேயே டூனா வந்து உட்கார்ந்தது. உணவியல் நிபுணரிடம் "மீன் கிடையாது, முட்டை கிடையாது" என்று தனியாக எழுதிக் கொடுத்த பிறகுதான் சரியானது. வெறும் 'சைவம்' என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.

வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டு போனால் பொதுச் சாப்பாட்டு அறைக்குள் விட மாட்டார்கள். அம்மாவின் அறையில், காகிதத் தட்டில் சாப்பிடலாம். வரவேற்பில் இருந்த பெண்மணி இதை முகம் கோணாமல், காரணத்தோடு சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் பாட்டி மடி ஆசாரம் பார்த்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இது புதிதா என்ன!

நடுவில் பாஸ்கா பண்டிகை வந்தது. எட்டு நாள் ரொட்டி இல்லை, அது தெரியும். ஐரோப்பிய யூத வழக்கப்படி அரிசியும் பருப்பும்கூடக் கிடையாது என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. அம்மா அந்த எட்டு நாளும் உருளைக்கிழங்கு, தயிர், மாட்ஸா என்ற வறட்டு அப்பளம் என்று ஓட்டினார். வறட்டு அப்பளம் என்பது அம்மா வைத்த பெயர்.

சிகிச்சையைப் பற்றி மற்றவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். அம்மா இப்போது வாக்கர் பிடித்துத் தாழ்வாரத்தின் பாதி வரை நடக்கிறார்.

கோவை பிசியோ:

நான் நியூயார்க் பக்கம் இப்படி ஓர் இல்லத்தில்தான் பிசியோதெரபிஸ்ட். எங்கள் துறையில் இந்தியாவில் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே நிறைய. சிகிச்சை முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். பின்பக்கமாகத் திறந்து இடுப்பு மூட்டு மாற்றியவர் 90 டிகிரிக்கு மேல் மடங்கி உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்போம். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று கணக்கு. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

யூத இல்லத்தில் நான் கற்றுக்கொண்டது வேறு. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை சபாத் என்ற ஓய்வு நாள். ஆசாரமானவர்கள் மின்பொத்தானை அழுத்த மாட்டார்கள், பேனா பிடிக்க மாட்டார்கள். சிலர் சனிக்கிழமை உடற்பயிற்சிக்கு வர மறுப்பார்கள், சிலர் "ராபியிடம் (யூத மதகுரு) கேட்டுவிட்டேன், வருகிறேன்" என்பார்கள். மறுப்பவரை "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதித் தள்ளாமல், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை நேரம் போட்டு வைப்பதுதான் நல்ல இல்லத்தின் அடையாளம். உயிருக்கு ஆபத்து என்று வந்துவிட்டால் அவர்கள் சட்டப்படியே சபாத் தடையெல்லாம் விலகிவிடும். புதிதாக வரும் நர்ஸ்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித் தருவோம், இல்லாவிட்டால் அழைப்பு மணியை அடிக்கத் தயங்கும் தாத்தாவிடம் என்ன பேசுவதென்று தெரியாது.

எங்கள் லிஃப்ட் சபாத்தன்று எவரும் பொத்தான் தொடாமலே ஒவ்வொரு மாடியிலும் நின்று திறந்து மூடும். வாக்கரோடு போகிறவருக்கு அது ஒரு பரீட்சை. கதவைப் பிடித்து வைக்கப் பொத்தானை அழுத்த முடியாது, மூடுவதற்குள் உள்ளே போய், திரும்பி நிற்க வேண்டும். அதனால் வியாழக்கிழமைகளில் நோயாளிகளை லிஃப்ட் முன்னால் நிறுத்தி ஒத்திகை பார்ப்பேன்.

ஒரு பெரியவர், தொண்ணூறை நெருங்குகிறவர். இடுப்பு அறுவை. உங்கள் இலக்கு என்ன என்று முதல் நாள் எல்லோரையும் கேட்போம். வழக்கமாக "கழிப்பறைக்குத் தனியாகப் போக வேண்டும்", "காரில் ஏற வேண்டும்" என்பார்கள். இவர் சொன்னது: "மூன்று அடி பின்னால் போக வேண்டும்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களுடைய நின்று செய்யும் தொழுகை ஒன்று இருக்கிறது, அமிதா என்று பெயர். அது முடியும்போது மூன்று அடி பின்னால் எடுத்து வைத்து, இடப்பக்கம், வலப்பக்கம், பிறகு நேராக வணங்க வேண்டும். அறுபது எழுபது வருடமாக நாள்தோறும் செய்துவந்த மனிதர்.

எங்கள் ராபி வந்து, முடியாதவர்கள் உட்கார்ந்தே செய்யலாம் என்று எடுத்துச் சொன்னார். பெரியவர் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், மறுநாள் காலை என்னைப் பார்த்ததும் மறுபடி மூன்று விரலைக் காட்டினார். பின்னோக்கி நடப்பதுதான் வயதானவர்களுக்கு மிக ஆபத்து. கால் எங்கே விழுகிறதென்று கண்ணுக்குத் தெரியாது, உடம்பின் பாரம் குதிகாலுக்குப் போய்விடும். சரி என்று இணைகம்பிகளுக்கு நடுவே தொடங்கினோம். இடுப்பில் பெல்ட், பின்னால் நான், எனக்குப் பின்னால் வீல்சேர். முதலில் அடிபட்ட காலை மட்டும் ஓர் அங்குலம் பின்னால் தேய்ப்பது. அப்புறம் கால் விரலை முதலில் ஊன்றிக் குதிகாலை மெல்ல இறக்குவது. வணங்குவதற்கு இடுப்பை மடக்காமல் தலையையும் தோளையும் மட்டும் தாழ்த்துவது. கடைசியில் ஒரு கை கம்பியில், ஒரு கையில் புத்தகத்தோடு மூன்று அடி வைத்தார். என் குறிப்பேட்டில் "பின்னோக்கி மூன்று அடி, ஒரு கை ஆதாரத்துடன்" என்று இலக்கு எழுதினேன். மேலாளர் சிரித்தார், ஆனால் வெட்டவில்லை. நாற்காலியில் உட்காரப் போகும்போது எல்லோரும் பின்னால்தான் அடி வைக்கிறோம். ஆக அது மருத்துவ இலக்கும்தான்.

எடிசன்வாசி, இதற்காகத்தான் சொல்கிறேன். உங்கள் அம்மாவின் இலக்கை "நடக்க வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பூஜை அலமாரிக்கு முன்னால் நிற்க வேண்டுமா, அடுப்படியில் நின்று தாளிக்க வேண்டுமா, அதைச் சொல்லுங்கள். தரையில் உட்கார்வதை மட்டும் இப்போதைக்கு மறந்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2019 அக்டோபர் வரை எத்தனை நிமிடம் சிகிச்சை தந்தோமோ அதைப் பொறுத்து மெடிகேர், அதாவது முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு, பணம் தந்தது. இப்போது நோயாளியின் நிலையைப் பொறுத்துத் தருகிறது. குழுவாகச் செய்யும் பயிற்சியும் கால் பங்கு வரை போகலாம். அதனால் "தினமும் தனியாக எத்தனை நிமிடம்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்கிற குடும்பத்துக்கும் கேட்காத குடும்பத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. இருக்கக் கூடாதுதான், இருக்கிறது.

ஸ்கார்பரோ அக்கா:

நான் கனடாவில், ரொறொன்ரோவில் பராமரிப்பு வேலை. எங்கட ஆக்கள் இந்த வேலையில் கனபேர் இருக்கினம், தெரியும்தானே. நான் இருக்கும் தளத்தில் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் குறைவு, நிரந்தரமாக இருப்பவர்கள்தான் கூட. நாசி முகாம்களில் இருந்து தப்பி வந்தவர்களையும் பராமரித்திருக்கிறேன். இப்போது அவர்கள் மிகச் சிலர்.

ஒரு அம்மா, ஹங்கேரியில் பிறந்தவ. மறதி நோய் முற்ற முற்ற ஆங்கிலம் போய்விட்டது, சின்ன வயதுப் பாஷைதான் வரும். குளிக்க வார்க்கக் கூட்டிப் போனால் அலறுவா. ஷவர் அறை, வெள்ளைத் தரைக்கல், சீருடையில் நாங்கள் இரண்டு பேர், கதவு மூடும் சத்தம். அவவுக்கு அது அந்த முகாமாகத்தான் தெரிந்திருக்கும் என்று விளங்கச் சமூக சேவகி வந்து சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கதவைத் திறந்து வைத்து, திரைச்சீலை மட்டும் போட்டோம். நான் மேலே பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு போவேன். கைப்பிடிக் குழாயை அவவின் கையிலேயே கொடுத்து, முதலில் தன் காலில் தானே தண்ணீர் ஊற்ற விடுவேன். தண்ணீர் வாறதை அவவே பார்த்த பிறகு அடங்கிவிடுவா. நேரம் கூடப் போகும். ஆனால் ஊசி மருந்து கொடுத்துப் படுக்க வைக்கத் தேவையில்லை.

அலுமாரி லாச்சிக்குள் பாண் துண்டு ஒளித்து வைப்பா. பழுதாகிப் பூச்சி வரும், எடுத்தால் அழுவா. பிறகு பாண் எடுக்கிற இடத்தில் பொதி செய்த பிஸ்கற்றை வைத்தோம். லாச்சி வெறுமையாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பழைய கதை ஒன்று. ரொறொன்ரோவின் பேக்ரெஸ்ட் முதியோர் மையம் இன்று மூளை ஆராய்ச்சிக்குப் பெயர் போன இடம். அது 1918-இல் செசில் தெருவில் ஒரு வீட்டில் தொடங்கியது, யூதப் பெண்கள் சங்கம் ஒன்று காசு சேர்த்து வாங்கிய வீடு. தங்கட முதியவர்களுக்குத் தங்கட சாப்பாடும் பாஷையும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். இங்கே எங்கட அம்மா அப்பாக்களுக்கு இடியப்பமும் தமிழில் கதைக்க ஒரு ஆளும் கிடைக்காமல் இருப்பதைப் பார்க்கும்போது அந்தப் பெண்களைத்தான் நினைப்பேன்.

ஒன்ராறியோவில் 2021-இல் வந்த சட்டம் ஒரு ஆளுக்கு நாளுக்கு நான்கு மணித்தியால நேரடிப் பராமரிப்பை இலக்காக வைத்தது. தாளில் அப்படி. ஒரு ஆள் சுகயீன லீவு எடுத்தால் அந்த நாலு மணித்தியாலம் எங்கே போகும் என்று என் முதுகைக் கேளுங்கோ.

ஃபுளோரிடா மருமகன்:

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். என் மாமனார் பக்கவாதத்துக்குப் பிறகு இருந்த இடத்துக்கும் எபிரேயப் பெயர்தான். வாசல் நிலையில் மெசூசா என்ற வேத வாசகச் சிமிழ், கூடத்தில் பெரிய சரவிளக்கு, தானம் கொடுத்தவர்கள் பெயர் பொறித்த வெண்கலச் சுவர். பெயரைக் கேட்டுச் சமூக அமைப்பு நடத்துகிறது என்று நம்பினோம். சில வருடம் முன்பே ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்களாம், பெயர்ப் பலகை மட்டும் பழையது.

வார நாளில் எல்லாம் பிரமாதம். சனி, ஞாயிறில் தளத்தில் ஆளே இருக்காது. மாமனாருக்கு விழுங்குவதில் சிரமம், தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் தர வேண்டும் என்று பேச்சு சிகிச்சையாளர் கட்டில் தலைமாட்டில் எழுதியே ஒட்டியிருந்தார். ஞாயிறு மதியம் வந்த தற்காலிக ஊழியர் சாதாரணத் தண்ணீரை நீட்டினார். என் மனைவி அங்கே இருந்ததால் தப்பியது. புகார் கொடுத்தோம், மன்னிப்புக் கடிதம் வந்தது.

இல்லங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு போடும் மெடிகேரின் கேர் கம்பேர் இணையதளத்தில் 2022 முதல் வார இறுதியில் எத்தனை ஊழியர் என்ற கணக்கும், ஊழியர்கள் எத்தனை பேர் விட்டுப் போகிறார்கள் என்ற கணக்கும் போடுகிறார்கள். மொத்த நட்சத்திரத்தைப் பார்க்காமல் அந்த இரண்டையும் பாருங்கள். முடிந்தால் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய், அழைப்பு விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று தாழ்வாரத்தில் நின்று பாருங்கள். யூத இல்லமோ, கத்தோலிக்க இல்லமோ, இந்தச் சோதனையில் வித்தியாசம் கிடையாது.

எடிசன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இன்று ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் "முன்னேற்றம் நின்றுவிட்டது", மெடிகேர் கவரேஜ் நாளை மறுநாளோடு முடிகிறது என்று. 100 நாள் என்றல்லவா சொன்னார்கள்? அம்மாவுக்கு இன்னும் வாக்கர் இல்லாமல் குளியலறைக்குள் உடம்பைத் திருப்பி நிற்க முடியவில்லை.

கோவை பிசியோ:

100 நாள் என்பது உச்சவரம்பு, உரிமை அல்ல. முதல் 20 நாள் நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம். 21-ஆம் நாளிலிருந்து தினக்கட்டணம் உண்டு, 2025-இல் அது நாளுக்கு 209.50 டாலராக இருந்தது. அதற்கு முன்னால் மருத்துவமனையில் மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். உள்நோயாளியாகச் சேர்க்காமல் 'கண்காணிப்பில்' வைத்த நாள் கணக்கில் வராது. உங்களுக்கு அது சரியாக இருந்ததால்தான் இதுவரை வந்தது.

காகிதத்தில் மேல்முறையீட்டுக்கான தொலைபேசி எண் இருக்கும். கவரேஜ் முடியும் நாளுக்கு முந்தின நாள் மதியத்துக்குள், அதாவது நாளை 12 மணிக்குள் கூப்பிடுங்கள். இல்லம் நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று யோசிக்க வேண்டாம், அவர்களுக்கு இது வாடிக்கை. "முன்னேற்றம் நின்றுவிட்டது" என்ற காரணம் மட்டும் போதாது. மெடிகேர் விஷயமாக அரசுக்கு எதிராக நடந்த ஜிம்மோ வழக்கில் 2013-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இருக்கிற நிலை மோசமாகாமல் காக்கத் தேர்ந்த சிகிச்சையாளர் தேவைப்பட்டாலும் மெடிகேர் தர வேண்டும். பேசும்போது குளியலறையில் திரும்பும் சிக்கலை அப்படியே சொல்லுங்கள். அம்மாவின் தெரபிஸ்ட் எழுதிய கடைசி வாரக் குறிப்பையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எடிசன்வாசி:

காலையிலேயே கூப்பிடுகிறேன். தோற்றால் வெள்ளி மாலை வீட்டுக்கு என்கிறார்கள்.

கோவை பிசியோ:

வெள்ளி மாலை வேண்டாம் என்று சொல்லுங்கள். சபாத் தொடங்கும் முன் அலுவலகம் காலியாகிவிடும், மருந்துச் சீட்டில் ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடைக்காது. வியாழன் அல்லது ஞாயிறு கேளுங்கள். வாக்கருக்கு மெடிகேரில் பணம் கிடைக்கும். கழிப்பறையின் மேல் வைக்கும் உயர இருக்கைக்குக் கிடைக்காது, அதை இப்போதே கடையில் வாங்கிவிடுங்கள், கைப்பிடி வைத்ததாக.